நானூற்றுப் பன்னிரண்டு நிலை அறிக்கைகள்

"இருநூற்றுப் பதினாலாம் நம்பரை நான் நேர்ல பாக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த அம்மாள் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். வணக்கம் இல்லை. விசிட்டிங் கார்டு நீட்டவில்லை. பயணம் எப்படி இருந்தது என்று கேட்க எதிராளிக்கு ஒரு வினாடி அவகாசம்கூடத் தரவில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அந்த கேலரியின் தலைமை க்யூரேட்டர். எந்தப் படம் எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் எது என்று முடிவு செய்கிறவள். அங்கே எல்லோருக்கும் மேடம். மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்த இருநூற்றுப் பதினாலு?"

"டீ கப் வட்டம் இருக்கே, அது. வலது பக்கம் கீழ் மூலை. எழுபத்தஞ்சு மில்லிமீட்டர்."

அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தது அவள். எழுதியது அவள். இன்றுவரை ஈ காக்காய்க்குக் காட்டியதில்லை.

டிங்.

ஹாலின் மூலையில் நின்றிருந்த பதிவாளர், கேலரிக்குள் வந்து போகும் படைப்புகளுக்குக் கணக்கு வைப்பவர், மணியை அடித்துவிட்டார். வெளிநாடுகளிலிருந்து பத்து க்யூரேட்டர்கள், உள்ளூரில் பத்து பேர், எட்டு நிமிஷத்துக்கு ஒரு மணி, மணி அடித்தால் வந்தவர்கள் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். அந்த ஐந்து நாள் பரிமாற்ற நிகழ்ச்சியில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள அதுதான் ஏற்பாடு. 'பொண்ணு பாக்கற படலம்' என்று பதிவாளர் காலையிலேயே பெயர் வைத்திருந்தார். அந்த அம்மாள் முந்தின மேசையில் பேச்சை இழுத்துக்கொண்டு வந்ததால் மேடத்தின் பங்குக்கு மிஞ்சியது ஒரே நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது, ஒரு மனுஷியின் நிம்மதியைப் பறிக்க.

"அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நகர்ந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி.

அடுத்து உட்கார்ந்தவர் என்ன பேசினார் என்று மேடத்துக்கு இன்றுவரை தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். நேற்று அனுப்பிய ஈமெயில். 'நிலை அறிக்கை, இறுதி' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே இருக்க வேண்டியது பத்துப் பக்கம்.

இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு.

வந்தவர்கள் ஆளுக்கொரு கலைப்படைப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் டார்ச் அடித்துப் பார்த்து, எங்கே கீறல், எங்கே மடிப்பு, எங்கே கறை என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் நிலை அறிக்கை. டாக்டர் சீட்டு மாதிரி. நோயாளி அழகா என்று டாக்டர் எழுதுவதில்லை. படம் நன்றாக இருக்கிறதா என்று இதிலும் ஒரு வார்த்தை வரக்கூடாது. அந்தப் பத்து அறிக்கைகளை அனுப்புவதற்குப் பதில், அதே பெயரில் தான் வைத்திருந்த இன்னொரு ஃபோல்டரைப் பத்து பேருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

ஒன்பது பேர் திறந்தே பார்க்கவில்லை. அதில் மூன்று பேர், பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லித் திருப்பியும் அனுப்பியிருந்தார்கள். நிலை அறிக்கையை உட்கார்ந்து படிக்கிற பிறவி இந்தத் தொழிலில் எத்தனை உண்டு?

ஒன்று உண்டு. கம்பளித் தொப்பி.

*

அந்த நானூற்றுப் பன்னிரண்டும் மேடத்தின் கணவர் வரைந்தவை.

அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர், எல்லோருக்கும் சார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் கார்பன் பேப்பரை எடுத்துவிடுவார். வெள்ளைத் தாள்மேல் கார்பனைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் வரைவார். என்ன விழுகிறது என்று வரைகிறபோது அவருக்கே தெரியாது. முடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தால்தான் உண்டு. அழிக்க முடியாது, திருத்த முடியாது. பெஞ்சின்மேல் கவிழ்த்த நாற்காலிகள். வாசலில் நனைந்து கிடக்கும் செருப்பு ஜோடி. பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கும் ஒரு பெண்ணின் பின்கழுத்து. இருபது வருஷ வேலை.

அதில் ஒன்றுகூட மேடத்தின் கேலரியில் மாட்டப்பட்டதில்லை. மாட்ட முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பொறுப்பேற்ற முதல் மாதமே அவள் போட்ட விதி அது: இங்கே வேலை பார்ப்பவர்களின் உறவினர் படைப்பு இந்தச் சுவரில் ஏறாது. அதை வேறு கேலரிக்காரர்களிடம் சிபாரிசும் செய்யக்கூடாது, உறவு இருந்தால் பாரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் மச்சான், மச்சினி, மாப்பிள்ளை என்று மாட்டி, கேலரியைக் குடும்ப ஆல்பமாக ஆக்கிவிட்டுப் போயிருந்தார். விதிக்கு முதல் பலி பதிவாளரின் தம்பி மகள். அந்தப் பெண் செய்த சுடுமண் சிலைகள் வாசலோடு திரும்பிப் போயின. பதிவாளர் ஒரு வாரம் பேசவில்லை. அதற்கப்புறம் மேடம் தன் வீட்டுக்காரருக்காக மூச்சு விட முடியுமா?

அவரும் கேட்டதில்லை. ஒரு தடவைகூட.

இப்போது இடப் பிரச்சினை வந்துவிட்டது. மகளுக்கு ஏழாம் மாதம். மருமகனுக்கு இந்த ஊருக்கே மாற்றல். தனி வீடு அமைகிறவரை இங்கேதான் என்று முடிவாகி, வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்கள். இருப்பது இரண்டு அறை. ஒன்றில் தரையிலிருந்து ஜன்னல்வரை சாரின் தாள்கள்.

"பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்" என்று மூன்று மாதத்துக்கு முன்பே சார் சொல்லிவிட்டார், பால் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்கிற குரலில். "இருபது வருஷம் வச்சிருந்தாச்சு. போதும்."

அவர் மனசார முடிவெடுத்துவிட்டார், நடுவில் புகுந்து கெடுக்கக்கூடாது என்று நினைத்து, "உங்க இஷ்டம்" என்றாள் மேடம்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும், அவர் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போன பிறகு, அந்த அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்து நிலை அறிக்கை எழுதினாள். போட்டோ எடுக்கவில்லை, எடுத்தால் அது யாருக்கோ காட்டுகிற ஏற்பாடு ஆகிவிடும், விதிக்கு விரோதம். ஓவியர் பெயர் என்கிற கட்டத்தை நிரப்பவில்லை. குப்பைக்குப் போகிற தாளுக்கு எந்தப் பைத்தியக்காரியாவது அறிக்கை எழுதுவாளா? எழுதினாள். வேறு விதமாக அழ அவளுக்குத் தெரியவில்லை.

*

மத்தியான இடைவேளையில் தொப்பியம்மா காபி மெஷின் பக்கத்தில் மடக்கிவிட்டார்.

ஆங்கிலம் இருவருக்குமே வீட்டு மொழி இல்லை. அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிக்கொண்டார்கள். மறைத்துப் பேச வார்த்தை போதாத மொழியில் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

"விமானக் களைப்பு. தூக்கமே வரலை. சரி, கையெழுத்தைப் போட்டுடலாம்னு திறந்தேன். முந்நூறு தாண்டினப்புறம்தான் பசிக்குதுன்னு தெரிஞ்சுது."

"மன்னிக்கணும். தப்பான ஃபோல்டர் வந்துடுச்சு."

"அது தெரியுது. நான் கொண்டுவந்தது ஒரு வெண்கலத் தொட்டி. அதுல ஊசித் துளை எப்படி வரும்?" தொப்பியம்மா கைப்பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டையும் அச்சடித்தே வைத்திருந்தார். "இதைக் கேளுங்க. எண் எண்பத்தேழு. மேல் விளிம்பில் நான்கு ஊசித் துளைகள். இரண்டு மாதம் சமையலறைக் கதவில் குத்தியிருந்தது. நீராவியால் கீழ்ப்பகுதி சுருங்கியுள்ளது. சுருக்கத்தை நீக்க வேண்டாம். அந்த வீட்டில் அப்போது நல்ல சமையல் நடந்தது."

மேடம் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

"முந்நூற்று ஒன்பது. பேனா முனை தாளின் பின்பக்கம்வரை புடைத்திருக்கிறது. விரலால் தடவினால் படம் தெரியும். கண்ணாடிக்குள் பூட்டக்கூடாது." தொப்பியம்மா நிமிர்ந்தார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். 'ஓவியர் பெயர்: தெரியவில்லை'ன்னு ஆயிரம் பாத்தாச்சு. காலியா விட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன். யார் வரைஞ்சது?"

நேரான கேள்வி. நேரான பதில் ஒன்றும் இருந்தது. அது தொண்டைவரை வந்தது. விதி குறுக்கே கையை நீட்டியது. வெளிநாட்டு க்யூரேட்டரிடம் புருஷன் பெயரைச் சொல்வது சிபாரிசு இல்லாமல் வேறென்ன?

"யாரும் இல்லை" என்றாள் மேடம். "பயிற்சிக்காக நானே எழுதினது. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் கத்துக்கொடுக்க. நிஜமா அப்படிப் படம் எதுவும் கிடையாது."

தொப்பியம்மா அவளையே பார்த்தார். பிறகு தாள்களை மடிக்காமல், ஓரம் கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கற்பனையா? சரி" என்றார். "வருத்தமா இருக்கு. கொஞ்ச நேரமாவது எனக்கு அந்த ஆளைத் தெரிஞ்சிருந்தது."

அவர் போன பிறகும் மேடம் அங்கேயே நின்றாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷரைப் பார்த்து 'அப்படி ஒருத்தர் கிடையாது' என்று சொல்லியாகிவிட்டது. பதினோரு வருஷம் மாட்டாமல் இருந்தது வேறு. இது வேறு.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சார் தரையில் உட்கார்ந்து, சனிக்கிழமை வரப்போகிற பேப்பர்காரருக்காகக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சணல் கயிற்றின் ஒரு நுனி பல்லில், மறு நுனி கால் கட்டைவிரலில்.

"வந்துட்டியா? இந்த முடிச்சுமேல ஒரு விரலை வை."

வைத்தாள்.

"வெளிநாட்டுக் கும்பல் எப்படி?"

"இருக்காங்க. ஒருத்தர் தொப்பியைக் கழட்டவே மாட்டேங்கறார்."

"உள்ள சொட்டையா இருக்கும்."

"பொம்பளைங்க."

"பொம்பளைன்னா சொட்டை விழக்கூடாதுன்னு உன் கேலரியில விதி போட்டிருக்கியா?"

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "ஏங்க" என்றாள். "இதையெல்லாம் போடறதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

சார் முடிச்சை இறுக்கினார். "வருத்தப்பட என்ன இருக்கு? நல்லா இருந்திருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

"விதி இருக்குல்ல."

"விதி உன் செவுத்துக்கு. ஊர்ல வேற செவுரே இல்லையா? உனக்குத் தெரியாத ஆள் உண்டா? ஒருத்தர்கிட்டயாவது, போற போக்குல, 'எங்க வீட்டுக்காரர் ஏதோ கிறுக்கறார்'னு சொல்லியிருக்கலாம். நீ சொல்லலை." குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் தப்பா நினைக்கலைம்மா. பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம, ஒரு விதியைக் காட்டி நாசூக்கா ஒதுங்கினே பாரு, அது உன் நல்ல மனசு. வேற ஒருத்தின்னா சொல்லிக்காட்டியிருப்பா."

மேடம் வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஓவியர்களுக்குச் சுவரில் ஒட்ட நூறு வார்த்தைக் குறிப்பு அரை மணியில் எழுதுகிறவள் அவள். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. இவ்வளவு நாள் கழித்து 'நல்லா இருக்கு' என்று சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். அவளாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

"கத்திரி வேணுமா?" என்று கேட்டாள்.

"குடு."

*

மறுநாள் காலை பத்து மணிக்கு மேடம் பதிவாளரின் அறைக்குப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உறவினர் அறிவிப்புப் பாரம் ஒண்ணு குடுங்க."

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர். "யாருக்கு மேடம்?"

"எனக்கு."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பாரத்தை உருவி, தூசி இல்லாத தாளைத் தூசி தட்டி நீட்டினார். "பதினோரு வருஷமா எங்க எல்லாரையும் இதை ரொப்ப வச்சீங்க. நீங்க ரொப்பறதைப் பாக்காமயே ரிட்டயர் ஆயிடுவேனோன்னு பயந்துட்டிருந்தேன்."

"உங்க தம்பி பொண்ணு விஷயத்துல இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போச்சு. அவ இப்ப சிலை செய்யறதை விட்டுட்டு பேக்கரி வச்சிருக்கா, நல்லா ஓடுது. எழுதுங்க மேடம்."

எழுதினாள். 'தவறாக அனுப்பப்பட்ட அறிக்கைகளில் உள்ள ஓவியங்கள் உண்மையில் உள்ளன. வரைந்தவர் என் கணவர். அப்படி எதுவும் இல்லை என்று நேற்று நான் சொன்னது பொய். அவற்றைப் பற்றி நான் எந்தச் சிபாரிசும் செய்யவில்லை. யாராவது பார்க்க விரும்பினால், பார்க்கும்போது நான் அறையில் இருக்க மாட்டேன்.'

சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவாளர் இரண்டு தடவை படித்தார். "'பொய்'ங்கற வார்த்தையை இந்தப் பாரத்துல இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை."

"அடிச்சுடவா?"

"வேணாம், இருக்கட்டும். பாரத்துக்கு ஒரு களை வந்திருக்கு."

மேடம் கொண்டுபோய்க் கொடுத்த பாரத்தைத் தொப்பியம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "உங்களுக்குப் பொய் சொல்லவே வரலை" என்றார். "பயிற்சிக்கு எழுதறவங்க 'நல்ல சமையல் நடந்தது'ன்னு எழுத மாட்டாங்க. கார் எங்க நிக்குது?"

"இப்பவேவா? நாளைக்குச் சாயங்காலம்னு..."

அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பா ரொம்ப உஷாரும்மா. பேப்பர்காரருக்கு சனிக்கிழமை தோதுப்படாதாம், இப்பவே வந்து எடுத்துக்கறாராம். அப்பா லீவு போட்டுட்டு வீட்லதான் இருக்கார். ரூம் இன்னிக்கே காலியாயிடும், பெயின்ட் அடிச்சுடலாம்னு சொல்றார். உனக்கு எந்தக் கலர்..."

"வச்சுடறேன்டி."

சாருக்குப் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வேறு அறையில் இருக்கிற வழக்கம் அவருக்கு.

"கார் வாசல்ல நிக்குது" என்றாள் மேடம். "ஓடி வர முடியுமா உங்களால?"

*

மூன்றாவது மாடி. லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியேறினாள். பின்னால் தொப்பியம்மா மூச்சு வாங்க வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எதிரே ஒருவர் தோளில் பெரிய கட்டோடு இறங்கி வந்தார். சணல் கயிறு. அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும்.

"நில்லுங்க. அதைக் கீழ வைங்க."

"வழி விடும்மா, கனமா இருக்கு."

"வைங்கன்னு சொல்றேன்ல."

வைத்தார். மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓரத்தைப் பிரித்தாள். செய்தித்தாள். அதன் கீழே செய்தித்தாள். அதற்கும் கீழே மகளின் பத்தாம் வகுப்பு கைடு.

"மேல இன்னும் நாலு கட்டு இருக்கு" என்றார் பேப்பர்காரர். "வெள்ளைத் தாள். அது அடுத்த நடை."

வாசலில் சார் பனியனோடு, காலடியில் நாலு கட்டுகளோடு நின்றிருந்தார். மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வந்த தொப்பியைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது.

"என்னங்க" என்றாள் மேடம். "இவங்க உங்க படங்களைப் பாக்க வந்திருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லி அனுப்பலை. நான் கூட இருக்கக்கூடாது. வெளியில இருக்கேன்."

"எதுக்கு? யாரு சொல்லி..."

"அவங்ககிட்ட கேளுங்க. இங்கிலீஷ்லயே கேளுங்க, மெதுவாப் பேசுவாங்க."

கதவு சாத்திக்கொண்டது. மேடம் படியில் உட்கார்ந்தாள். ஒரு படி கீழே பேப்பர்காரரும் உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, எடுக்கவா, வேணாமா?"

"கொஞ்சம் இருங்க."

"இது உங்க வீடுதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் உள்ள போகலை?"

"விதி."

"யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான்" என்றார். "எங்க வீட்லயும் அப்படித்தான், ஆனா அவ போடறா."

உள்ளே கயிறு அறுபடுகிற சத்தம் கேட்டது. தாள் புரள்கிற சத்தம். பிறகு எதுவுமே கேட்காத ஒரு நீண்ட இடைவெளி. கலைஞர்களின் வீட்டுக் கதவுக்கு உட்பக்கம் உட்கார்ந்து இந்த மௌனத்தை எத்தனையோ தடவை அவளே உண்டாக்கியிருக்கிறாள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. சாரின் குரல் கேட்டது, திக்கித் திக்கி, ஒவ்வொரு வார்த்தையாக. தொப்பியம்மாவின் குரல். மறுபடி மௌனம். இப்போது அவர் என்ன நினைக்கிறார்? வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நன்றாக இல்லை என்று ஒரு மூன்றாம் மனுஷி சொல்லிவிட்டால், அதையும் தான்தானே வீட்டுக்குள் கூட்டி வந்தது?

பேப்பர்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கதவு திறந்தது. சார் வெளியே வந்தார். கை நிறைய, தொப்பியம்மா அச்சடித்துக் கொண்டுவந்திருந்த தாள்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், படிக்கிறபோது அப்படித்தான்.

"இது யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமைல. நீங்க கிளாஸ் போனப்புறம்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

சார் முதல் தாளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. "முப்பது வரைக்கும் படிச்சேன். உன் இங்கிலீஷுக்கு அகராதி வேண்டியிருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நடுவுல ஒண்ணைப் பிரிச்சேன். நூத்திப் பதினெட்டு. 'கார்பன் நழுவியதால் ஏற்பட்ட பிழையான கோடு'ன்னு எழுதியிருக்கே."

"ஆமா. குறுக்கே ஓடுது."

"அது நழுவலை. அன்னிக்கு நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தே. வெளியில பெஞ்சுல உக்காந்து போட்டேன். கதவு திறந்துச்சு, நான் எழுந்துட்டேன். பேனா தாள்லயே இருந்துடுச்சு."

அந்தக் கோட்டை அவள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். நீளம் அளந்து எழுதியிருக்கிறாள்.

"தப்பா எழுதிட்டேன்" என்றாள். "மாத்திடறேன்."

"ஏன் மாத்தணும்? இவ்வளவு கிட்டப் போய்ப் பாத்திருக்கே. அது போதும் எனக்கு." பிறகு, குரலைத் தாழ்த்தி, பேப்பர்காரருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, "பிடிச்சிருக்குன்னு ஒரு தடவை வாயால சொல்லியிருக்கலாமேம்மா."

"இப்ப சொன்னா நம்புவீங்களா?"

"இப்ப சொல்லவே வேணாம்."

அதற்குள் தொப்பியம்மா வாசலுக்கு வந்துவிட்டார். முழங்காலில் கார்பன் கறை. அவர் முடிவோடு வந்திருந்தார்: அறுபது படங்கள், வருகிற குளிர்காலத்தில், தன் கேலரியின் பெரிய அறையில், கண்ணாடி போடாமல். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் நிலை அறிக்கை. "இரண்டும் சேர்ந்துதான் கண்காட்சி" என்றார். "பிரிச்சா பாதிதான்."

மேடம் மொழிபெயர்த்தாள். அவ்வளவுதான் அவள் செய்யலாம்.

சார் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "படத்தை எடுத்துக்கட்டும்" என்றார். "அறுபது இல்ல, இருநூறு வேணும்னாலும் சரி. இது வராது."

"ஏன்னு கேக்கறாங்க."

"படம் நான் ஊருக்குன்னு போட்டது. யாரும் கேக்கலை, அது வேற விஷயம். இது எனக்கு எழுதினது. ஊருக்கு எதுக்கு?"

தொப்பியம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கும்போது மேடத்தின் குரல் ஓரிடத்தில் உடைந்தது. தொப்பியம்மா காத்திருந்தார். பிறகு தொழில்காரியாகக் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்: நிலை அறிக்கை இல்லாமல் ஒரு படமும் எல்லை தாண்ட முடியாது.

"எங்க பதிவாளர் எழுதுவார்" என்றாள் மேடம். "நான் எழுதினது செல்லாது. உறவு."

"அவர் என்ன எழுதுவார்?"

"'நிலை நன்று.' எல்லாத்துக்கும் அதேதான்."

தொப்பியம்மா பெருமூச்சு விட்டார். ஆனால் கைப்பையைத் திறந்து, தன்னிடம் தங்கிவிட்ட நாலைந்து தாள்களை எடுத்து, ஓரம் சரிபார்த்து, சாரிடம் கொடுத்துவிட்டார். சார் அவற்றை எண் பார்த்து உரிய இடங்களில் செருகிக்கொண்டார்.

"அப்ப இந்த நாலு கட்டு?" என்றார் பேப்பர்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே.

"அது போகலைங்க" என்றார் சார். "மீதியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடறேன். என் பொண்ணு கத்துவா, கத்தட்டும்."

பேப்பர்காரர் செய்தித்தாள் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். சார் வீட்டுக்குள் போனார். நடையில் நின்று, திரும்பி, "அவங்களைக் கவனி. உக்கார வை" என்றார். "இன்னும் முந்நூத்தி எண்பத்திரண்டு இருக்கு. என்னைக் கொஞ்ச நேரம் கூப்பிடாதே."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.